எச்.ஐ.வி. குறைப்பது சிடி4 செல்லை, ஒட்டுண்ணி இருப்பதோ மேக்ரோஃபேஜில். அப்புறம் கருங்காய்ச்சல் ஏன் முற்றுகிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கருங்காய்ச்சல், அதாவது காலா அசார், முற்றிப்போகும், எதிர்ப்புச் சக்தி குறைவதே காரணம் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிட்டது. உங்களுக்கு அது போதவில்லை. எச்.ஐ.வி. குறைப்பது எதிர்ப்புக்கு உத்தரவு கொடுக்கும் வெள்ளையணுவான சிடி4 டி செல்லை, கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியான லெய்ஷ்மேனியா குடியிருப்பது கிருமிகளை விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜுக்குள். ஒரு செல் குறைந்தால் இன்னொரு செல்லுக்குள் இருப்பது எப்படிக் கொழுக்கிறது, எச்.ஐ.வி.யை அமுக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் சிலருக்கு ஏன் நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் இன்னொரு ஒட்டுண்ணியான டாக்ஸோபிளாஸ்மாவும் இதே கதையா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன்.

நான் பீகாரில் பத்து வருஷத்துக்கு மேல் கருங்காய்ச்சல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. அதனால் செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வேன். மருந்தளவு என்று வரும்போது வெளியான சோதனை முடிவுகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலையும் தாண்டிப் போகமாட்டேன். உங்களைப் போலப் படிப்புக்காக இல்லாமல், தனக்காகவோ வீட்டில் ஒருவருக்காகவோ இதைப் படிப்பவர்கள் சிகிச்சை முடிவை ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

ஸ்லைடிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு இந்த நோய் புரிந்தது அங்கேதான். மண்ணீரலில் ஊசி போட்டு உறிஞ்சிய சொட்டைத் தேய்த்து, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் வைத்துப் பாருங்கள். பெரிய, ஒழுங்கற்ற ஓரமுள்ள ஒரு செல், அதன் நியூக்ளியஸ் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், மீதி இடம் முழுக்க அரிசிக் குருணை கொட்டினதுபோல முட்டை வடிவத் துணுக்குகள். ஒவ்வொன்றும் 2 முதல் 4 மைக்ரான். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு வட்டப் புள்ளி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. புள்ளி நியூக்ளியஸ், கோடு கைனெட்டோபிளாஸ்ட், அதாவது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. திரள். இரண்டும் தெரியாமல் எல்.டி. பாடி (லெய்ஷ்மன்-டோனோவன் துணுக்கு, அதாவது இந்த ஒட்டுண்ணி) என்று எழுதாதே என்பது எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம், ஏனென்றால் பிளேட்லெட்டுகள் நன்றாக ஏமாற்றும். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு 0 முதல் 6+ வரை ஓர் அளவுகோல் உண்டு. 1+ என்றால் ஆயிரம் புலங்களை (லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு புலம்) தேடினால் ஒன்று முதல் பத்து வரை கிடைக்கும்; 6+ என்றால் ஒரே புலத்தில் நூறுக்கு மேல். எச்.ஐ.வி. இல்லாதவர்களின் ஸ்லைடில் பொறுமையாக நகர்த்தி நகர்த்தித் தேடியிருக்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ஸ்லைடில் பல தடவை தேடவே வேண்டியிருக்கவில்லை.

எல்.டி.யில் வரும் ‘டி’ டோனோவன். சார்லஸ் டோனோவன் 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அங்கே காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில்தான் உயிருள்ள நோயாளியிடம் இந்த ஒட்டுண்ணியைப் பார்த்தார். அதற்குச் சற்று முன்பு, கல்கத்தா பக்கத்து டம் டம்மில் நோய் பிடித்து இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தான் கண்டதை வில்லியம் லெய்ஷ்மன் வெளியிட்டிருந்தார். ரொனால்ட் ராஸ் இரண்டு பேரையும் சேர்த்து லெய்ஷ்மேனியா டோனோவானி என்று பெயர் வைத்தார். அந்த மருத்துவமனையோடு சேர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்தான், 1986-இல் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். 83 வருஷ இடைவெளியில் இரண்டு கிருமிகளின் கதையும் ஒரே வளாகத்தைத் தொடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

சரி, செல்லுக்குள் போவோம். இந்த நோயைப் பரப்பும் மணல் ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணியின் வாலுள்ள ப்ரோமாஸ்டிகோட் வடிவம் தோலுக்குள் வருகிறது. மேக்ரோஃபேஜின் வேலையே வந்ததை விழுங்கிச் செரிப்பதுதான், அதையும் விழுங்குகிறது. ஒட்டுண்ணிக்கு வேண்டியதும் அதுவே. ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்களைப் போர்த்திக்கொண்டு, சத்தம் கிளப்பாத ஏற்பி வழியாக உள்ளே நுழைகிறது. அந்த வழியில் போனால் மேக்ரோஃபேஜ் தன் ஆக்சிஜன் நஞ்சுகளை முழு வேகத்தில் அவிழ்த்துவிடாது. உள்ளே வாலை இழந்து அமாஸ்டிகோட்டாக மாறி, மற்ற கிருமிகள் கரைந்துபோகும் அமிலப் பைக்குள் உட்கார்ந்து இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கிறது. ஆக மேக்ரோஃபேஜ் தனியாக இருந்தால் தோற்றுவிடும். இதை மனதில் வையுங்கள், உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

மேக்ரோஃபேஜ் ஜெயிக்க வேண்டுமானால் யாராவது அதைத் தட்டி எழுப்ப வேண்டும். ஒட்டுண்ணியின் துண்டுகளை அது தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டுகிறது, அதுவும் டென்ட்ரிடிக் செல்களும் இன்டர்லூகின்-12 என்ற செய்தியை விடுகின்றன. அதைப் படித்துவிட்டு வருகிற சிடி4 செல் ‘டிஎச்1’ வகையாக மாறி இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கிறது. இன்டர்ஃபெரான் காமா பட்ட மேக்ரோஃபேஜ் முன்பிருந்த மேக்ரோஃபேஜ் இல்லை. ஆக்சிஜன், நைட்ரஜன் நஞ்சுகளை உண்டாக்கத் தொடங்குகிறது, ஒட்டுண்ணி அது இருக்கும் பைக்குள்ளேயே சாகிறது. கொல்லும் ஆயுதம் மேக்ரோஃபேஜில், அதை இயக்கும் உத்தரவு சிடி4 செல்லிடம். கருங்காய்ச்சல் இருக்கும் ஊர்களில் தொற்றிய பெரும்பாலானோர் நோயாளி ஆவதே இல்லை, இந்தப் பேச்சுவார்த்தை நடப்பதால்தான். அவர்கள் உடம்பிலிருந்து ஒட்டுண்ணி முழுவதும் போய்விடுவதில்லை, கொஞ்சம் மிச்சம் ஒளிந்திருக்கும். வாழ்நாள் முழுக்க அதை அமுக்கி வைத்திருப்பது அந்த உத்தரவுதான்.

இப்போது எச்.ஐ.வி.யைக் கொண்டுவாருங்கள். முதல் அடி எல்லோருக்கும் தெரிந்தது, சிடி4 எண்ணிக்கை சரிகிறது. இணைத்தொற்று, அதாவது எச்.ஐ.வி.யும் கருங்காய்ச்சலும் சேர்ந்து, உள்ள பெரும்பாலானோருக்கு நோய் வெளிப்படும்போது எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே. உத்தரவு கொடுக்க ஆள் இல்லை, ஒளிந்திருந்தது எழுந்துவிடுகிறது. எதிர்ப்புள்ள ஒருவரின் கல்லீரலில் தொற்றிய மேக்ரோஃபேஜைச் சுற்றி டி செல்கள் வளையம் கட்டி கிரானுலோமா உருவாகும், எச்.ஐ.வி. நோயாளியின் திசுவில் அந்த வளையம் சரியாக உருவாகாது, ஒட்டுண்ணி நிரம்பிய மேக்ரோஃபேஜ்கள் சிதறிக் கிடக்கும். கருங்காய்ச்சல் பகுதியில் எச்.ஐ.வி. உள்ளவருக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 100 முதல் 2,300 மடங்கு வரை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணங்கள் சொல்கின்றன. இந்த வீச்சு பெரியது, இடத்துக்கு இடம் மாறும், அதனால் இதை ஒரே எண்ணாகச் சுருக்கி மேற்கோள் காட்டாதீர்கள்.

இரண்டாவது அடி பலர் கவனிக்காதது: மிச்சமிருக்கும் சிடி4 செல்களின் தரம். எத்தியோப்பியாவில் கருங்காய்ச்சலும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருந்தவர்களின் ரத்தத்தை எடுத்துத் தூண்டிப் பார்த்தபோது இன்டர்ஃபெரான் காமா குறைவாகவே வந்தது. அவர்களுடைய டி செல்களின் மேல் பிடி-1 என்ற சோர்வு அடையாளம் அதிகமாக இருந்தது. செல் இருக்கிறது, வேலை செய்யவில்லை. எண்ணிக்கை அட்டையில் சிடி4 கொஞ்சம் ஏறியதைப் பார்த்து நாம் நிம்மதியடையும் நேரத்தில் உள்ளே நிலைமை அப்படியேதான் இருக்கலாம்.

மூன்றாவதுதான் உங்கள் கேள்வியின் நடு முனை. எச்.ஐ.வி. டி செல்லோடு நிற்பதில்லை, வைரஸ் பிடித்துக்கொண்டு நுழையும் ஏற்பிகளான சிடி4, சிசிஆர்5 இரண்டும் மேக்ரோஃபேஜிலும் உண்டு, அதற்குள்ளும் நுழைகிறது. டி செல்லைப் போல அது சட்டென்று சாகாது, வைரஸைச் சுமந்துகொண்டு நாள்கணக்கில் வாழும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் மோனோசைட்டுகளில் (ரத்தத்தில் இருக்கும், பின்னால் மேக்ரோஃபேஜாக மாறும் செல்கள்) இன்டர்லூகின்-12 உற்பத்தி குறைந்துபோகிறது என்பது 1990-களிலேயே காட்டப்பட்டுவிட்டது. அதாவது உத்தரவு வராதது மட்டும் பிரச்சினை இல்லை, உத்தரவு கேட்டு அனுப்பும் செய்தியும் போவதில்லை. வைரஸின் டாட் என்ற புரதம் செல்லுக்கு வெளியே கசிந்து, பக்கத்து மேக்ரோஃபேஜின் மேல் படும்போது அதற்குள் லெய்ஷ்மேனியா வேகமாகப் பெருகுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மேக்ரோஃபேஜைத் தூங்கவைக்கும் பொருள்கள் அதனால் கூடுகின்றன என்பது விளக்கம். இங்கே கவனமாக இருங்கள். இது வளர்ப்புத் தட்டில் கண்டது. நோயாளியின் மண்ணீரலில் எத்தனை பங்கு இதனால், எத்தனை பங்கு வெறும் சிடி4 குறைவால் என்று பிரித்துச் சொல்லும் ஆதாரம் இன்னும் வரவில்லை. நைட்ரிக் ஆக்சைடு விஷயமும் அப்படியே. எலியில் அதுதான் பிரதான ஆயுதம் என்பதில் சந்தேகமில்லை, மனித மேக்ரோஃபேஜில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. தேர்வில் எலிப் படத்தை மனிதப் படமாக வரைந்துவிடாதீர்கள்.

எதிர்த்திசையிலும் உதவி போகிறது. லெய்ஷ்மேனியாவின் மேல்பூச்சான லிப்போஃபாஸ்ஃபோகிளைக்கன், தொற்றிய செல்லில் என்எஃப்-கப்பா-பி என்ற விசையைத் தட்டுகிறது. எச்.ஐ.வி.யின் மரபணு வாசலில் உள்ள பூட்டு அந்தச் சாவிக்கே திறக்கும், வைரஸ் உற்பத்தி கூடுகிறது. ஆய்வகத்தில் இது பலமுறை உறுதியான விஷயம். உடம்பு அளவில் பார்த்தால், கருங்காய்ச்சல் நாள்பட்ட தூண்டுதல், டி.என்.எஃப். மாதிரியான அழற்சிப் பொருள்கள் எப்போதும் கூடுதலாக இருக்கும், சிடி4 செல்கள் சும்மா இருக்க விடப்படாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும், தூண்டப்பட்ட செல்லில்தான் எச்.ஐ.வி. நன்றாகப் பெருகும். அதோடு எச்.ஐ.வி. இல்லாதவருக்குக்கூடக் கருங்காய்ச்சலே சிடி4 எண்ணிக்கையைக் குறைக்கும். அதனால் ஏ.ஆர்.டி. வைரஸை அமுக்கிவிட்ட பிறகும், ஒட்டுண்ணி உள்ளே இருக்கும்வரை சிடி4 மேலே வரத் திணறுகிறது. சிடி4 வராததால் ஒட்டுண்ணி போவதில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூரத்தில் தறி வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு ஊர் திரும்பியவர். முதல் தடவை ஸ்லைடு 4+, மருந்து முடிந்து மறுபடி எடுத்தபோது ஒன்றும் இல்லை, நானே கூடுதல் நேரம் தேடிப் பார்த்து 0 என்று எழுதினேன். ஒன்பது மாதத்தில் திரும்பி வந்தார், 5+. வார்டில் முதல் கேள்வியே, மாத்திரையை விட்டுவிட்டாயா என்பது. அவர் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். தீர்ந்துபோன ஏ.ஆர்.டி. டப்பாக்கள் எல்லாம், ஒன்றுவிடாமல், மேலே தேதி எழுதி வைத்திருந்தார். நம்பமாட்டார்கள் என்று தெரிந்தே கொண்டுவந்திருக்கிறார். வைரஸ் அளவு பார்த்தார்கள், கருவியில் தெரியாத அளவுக்குக் கீழே. சிடி4 மட்டும் 140-ஐத் தாண்டவில்லை. விலாவுக்குக் கீழே மண்ணீரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவர் வயிற்றில் பேனாவால் கோடு போட்டபோது, போன தடவையும் இதே இடம்தான் என்று அவரே விரல் வைத்துக் காட்டினார். நோய் திரும்பினால் முதலில் நோயாளியைச் சந்தேகிக்கும் பழக்கம் எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மாத்திரையை விடுபவர்கள் உண்டு, கேட்கத்தான் வேண்டும், ஆனால் விடாமல் சாப்பிட்டும் திரும்பலாம்.

ஏன் திரும்புகிறது என்பதற்குப் பழைய எலிச் சோதனைகள் தெளிவான பதில் தருகின்றன. டி செல் இல்லாத எலிக்குக் கருங்காய்ச்சலின் பழைய மருந்தான ஆன்டிமனி கொடுத்தால் கிட்டத்தட்ட வேலையே செய்யாது. அந்த மருந்துக்கு டி செல்லின் துணை வேண்டும். இன்னொரு மருந்தான ஆம்ஃபோடெரிசின்-பி அப்படியில்லை, துணையில்லாமலே ஒட்டுண்ணியைக் கொன்று அளவை வெகுவாகக் குறைத்துவிடும், ஆனால் மருந்தை நிறுத்தியதும் மிச்சம் மறுபடி பெருகும். மனிதரிலும் இதுவே நடக்கிறது. மருந்து கூட்டத்தைக் குறைக்கிறது, மிச்சத்தைக் காவல் காப்பது சிடி4 செல், அந்தக் காவல் இல்லை. நான் ஸ்லைடில் 0 என்று எழுதியது பொய் இல்லை, ஆனால் அந்தச் சொட்டில் இல்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமும் இல்லை.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இணைத்தொற்றுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின்-பி மொத்தம் கிலோவுக்கு 30 மில்லிகிராம், ஒன்றுவிட்டு ஒரு நாளாக ஆறு தவணையில். கூடவே மில்டெஃபோசின் நாளுக்கு 100 மில்லிகிராம், தென்கிழக்கு ஆசியாவில் 14 நாள், கிழக்கு ஆப்பிரிக்காவில் 28 நாள். பாட்னாவில் 150 பேரிடம் நடந்த சோதனையில், 210-ஆம் நாளில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் கூட்டு மருந்தில் 96%, ஆம்ஃபோடெரிசின் மட்டும் கொடுத்ததில் 85%. எத்தியோப்பியாவில் அதே வகை ஒட்டுண்ணி இன்னும் பிடிவாதமானது. அங்கே சிகிச்சையை 58-ஆம் நாள் வரை நீட்டித்த பிறகும் ஆம்ஃபோடெரிசின் தனியாக 55% பேரிடம்தான் பலித்தது, கூட்டு மருந்து 88%. முதல் தடவை குணமான பிறகும் காவலுக்குப் பதிலாக மாதாமாதம் பென்டமிடினோ ஆம்ஃபோடெரிசினோ தொடர வேண்டும் என்பது இன்றைய நிலை. எவ்வளவு காலம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை; சிடி4 ஒரு அளவுக்கு மேல் ஏறி நிலைக்கும்வரை என்கிறார்கள், அந்த அளவு 200-ஆ 350-ஆ என்பதில்தான் வேறுபாடு. நெல்ஃபினவிர் போன்ற சில எச்.ஐ.வி. மருந்துகள் தட்டில் லெய்ஷ்மேனியாவையும் தடுக்கின்றன என்று படித்திருப்பீர்கள், அதை நோயாளியில் பலனாக யாரும் நிரூபிக்கவில்லை.

ஆய்வகத்துக்காரனாக ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், நோயைக் கண்டுபிடிப்பதே இவர்களிடம் மாறிவிடுகிறது. விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் ஆர்கே39 பட்டை ஆன்டிபாடியைத் தேடுகிறது. எச்.ஐ.வி. உள்ளவரின் உடம்பு போதுமான ஆன்டிபாடி செய்யாமல் போகலாம், பட்டையில் கோடு வராமல் போகலாம், நோய் மட்டும் இருக்கும். பட்டை நெகட்டிவ் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர் அடுத்து வரும்போது மோசமாகி வருவார். எதிர்ப்புறம், முன்பு நோய் வந்து குணமானவருக்குப் பட்டை வருஷக்கணக்கில் பாசிட்டிவாகவே காட்டும், அதனால் நோய் திரும்பியதா என்பதற்கு அது உதவாது. ஸ்லைடு அல்லது ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். வேண்டும். எங்கே தேடுவது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. காவல் இல்லாத உடம்பில் ஒட்டுண்ணி மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையோடு நிற்காது. குடல் சுவரில், நுரையீரலில், நல்ல தோலில், சாதாரண ரத்த ஸ்மியரின் மோனோசைட்டில்கூடப் பார்த்தவர்கள் உண்டு. வயிற்றுப்போக்கு என்று குடல் துண்டு எடுத்து அனுப்பி, அதில் எல்.டி. பாடி கிடைத்த அறிக்கைகள் ஸ்பெயினிலிருந்து நிறைய.

ஸ்பெயின் என்றதும் வியக்காதீர்கள். இந்த இணைத்தொற்று உலகின் கவனத்துக்கு வந்ததே 1985-க்குப் பிறகு தெற்கு ஐரோப்பாவிலிருந்துதான். அங்கே இருப்பது லெய்ஷ்மேனியா இன்ஃபேன்டம், நாய் அதன் இருப்பிடம். ஆனால் அப்போது நோயாளிகளில் பெரும்பாலோர் ஊசியில் போதைமருந்து எடுத்தவர்கள். மாட்ரிட்டில் தூக்கியெறிந்த ஊசிகளைச் சோதித்தபோது ஒட்டுண்ணியின் டி.என்.ஏ. கிடைத்தது, மணல் ஈ இல்லாமலே ஆளுக்கு ஆள் பரவியிருக்கிறது என்பதற்கு அது வலுவான தடயம். 1990-களின் கடைசியில் ஏ.ஆர்.டி. வந்ததும் அங்கே புதிய நோயாளிகள் குறைந்தார்கள். எத்தியோப்பியாவின் ஹுமேரா பக்கம் வேறு கதை: எள் அறுவடைக்கு மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வரும் இளைஞர்கள், இரவில் திறந்த வெளியில் வெடிப்பு விழுந்த கரிசல் மண்ணில் படுக்கை, அங்கேதான் மணல் ஈ, குடும்பத்தை விட்டு வந்த இடத்தில் எச்.ஐ.வி.யும் சேர்ந்துகொள்கிறது.

நம் நாட்டில் 2007-இல் 44,000-க்கு மேல் இருந்த கருங்காய்ச்சல் நோயாளிகள் இப்போது வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். இதில் இணைத்தொற்று உள்ளவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் ரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைந்து, மாதக்கணக்கில் மணல் ஈக்குக் கிடைப்பவர்கள் அவர்கள். அதனால் கருங்காய்ச்சல் நோயாளி எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை நான் எங்கே போனாலும் சொல்வேன். நீங்கள் படித்து முடித்துச் சென்னையிலோ கோவையிலோ ஆய்வகத்தில் உட்கார்ந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: பீகாரிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வேலைக்கு வந்தவர், வாரக்கணக்கில் காய்ச்சல், பெரிய மண்ணீரல், மூன்று வகை ரத்த அணுக்களும் குறைவு என்றால் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவராக இருந்தால் மண்ணீரல் பெரிதாகத் தெரியாமலும் இருக்கலாம்.

கடைசியாக டாக்ஸோபிளாஸ்மா. அடிப்படை ஒன்றுதான், அங்கேயும் இன்டர்ஃபெரான் காமாதான் காவல், அது போனால் அமுங்கியிருந்தது எழும். ஆனால் அது ஒளிந்திருப்பது பெரும்பாலும் மூளையிலும் தசையிலும் நீர்க்கட்டி போன்ற உறைக்குள். மேக்ரோஃபேஜை நிரந்தர வீடாக வைத்துக்கொள்வதில்லை. சிடி4 100-க்குக் கீழே போகும்போது மூளையில் வெடிக்கிறது, ஏ.ஆர்.டி.யால் சிடி4 200-க்கு மேல் ஏறி நிலைத்துவிட்டால் பெரும்பாலானோருக்குத் தடுப்பு மாத்திரையை நிறுத்திவிட முடிகிறது. குடலில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் சிடி4 திரும்பினால் தானே அடங்கும். சிடி4 திரும்புவதற்கே தடையாக இருப்பது லெய்ஷ்மேனியா, அதனால்தான் அந்தத் தறிக்காரருக்கு நாலாவது தடவையும் ஸ்லைடு எடுக்க வேண்டியிருந்தது.